ஜனவரியா, தடைக்காலமா? ஒரு கடற்கரை நாவலை எங்கே வெளியிடுவது

நாவல் முடிந்துவிட்டது. டெம்மி அளவில் 320 பக்கம், அச்சகக் கணக்கில் 20 ஃபாரம். மிச்சமிருப்பது ஒரு கேள்வி: எங்கே, எப்போது வெளியிடுவது? பதிப்பாளர் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்கிறார். ராமநாதபுரத்து நண்பர்கள் மாவட்டப் புத்தகத் திருவிழாவில் வைக்கலாம் என்கிறார்கள். கீழக்கரையிலிருந்து வாசக நண்பர் ஒருவர் கூடம் ஏற்பாடு செய்யத் தயாராக இருக்கிறார். பாம்பனில் உள்ள சொந்தங்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஊரிலேயே நடத்தச் சொல்கிறார்கள். ஒரு மாதமாக இவற்றை மாற்றி மாற்றி எடை போட்டுப் பார்த்தேன். கடற்கரை ஊரை எழுதுகிற எவருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்பதால், நான் போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

நாவல் எதைப் பற்றியது என்று சொன்னால்தான் கணக்கு புரியும். பாம்பனின் தெற்குக் கரையிலிருந்து கடல் பாசி எடுக்கப் போகும் ஒரு பெண்ணின் கதை அது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது அவளுடைய தாய்க்குப் பத்து வயது. புத்தகத்தின் பாதி அந்தத் தாயின் நினைவு. அந்த இரவை எனக்குச் சொன்னவர்கள் மூன்று பேர். அன்று பத்து வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். மூவரில் ஒருவர், நான் கடைசி அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தார். தேதி என்று யோசிக்க உட்காரும்போதெல்லாம் முதலில் என் முன்னால் வந்து நிற்பது அவருடைய முகம்தான்.

சென்னையின் பலத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1977 முதல் நடந்துவரும் காட்சி அது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பொங்கலை ஒட்டிய அந்த நாட்களில்தான் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஆண்டு வியாபாரத்தின் பெரும்பகுதி நடக்கிறது. பத்து சதவீதக் கழிவில் வாங்கலாம் என்று ஆண்டு முழுக்கப் பட்டியல் போட்டுக் காத்திருக்கும் வாசகர்கள் வருவார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் பெட்டி நிறைய வாங்கிப் போவார்கள். விமர்சனம் எழுதுகிறவர்களும் இதழாசிரியர்களும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பார்கள். முதல் நாவல் எழுதிய தம்பியோ தங்கையோ என்னிடம் கேட்டால், யோசிக்காமல் சென்னைக்குப் போ என்றுதான் சொல்வேன். ஆளே தெரியாத எழுத்தாளரின் புத்தகத்தை ஒருவர் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க அதைவிட நல்ல இடம் தமிழில் இல்லை.

ஆனால் வெளியீடு என்ற பெயரில் அங்கே நடப்பது மிகச் சின்னது. கடை வாசலில் நான்கு பேர் நின்று உறையைப் பிரிப்பார்கள், படம் எடுப்பார்கள், ஐந்து நிமிடத்தில் அடுத்த புத்தகத்தின் ஆட்கள் வந்துவிடுவார்கள். ஊரிலிருந்து யாரையாவது அழைத்துப் போகலாமா என்றால், பாம்பனிலிருந்து இரவு முழுக்க ரயில் பயணம். பாம்பனின் புது ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த பிறகு, பெரியவர்கள் இன்றும் போட் மெயில் என்று சொல்லும் வண்டி மறுபடி ராமேஸ்வரம் வரை வந்து போகிறது. அந்த வசதி இருந்தும் ஜனவரியில் கரையை விட்டு யாரும் வர மாட்டார்கள். வாடைக் காற்றுக் காலத்தில் வடக்குக் கடல் கலங்கிக் கிடக்கும், தெற்குக் கடல் அடங்கி இருக்கும். தெற்குப் பக்கத் தீவுகளில் பாசி எடுக்கிற பெண்களுக்கு அது வேலை நாள். அந்த நாளில் அவர்களை எழும்பூருக்குக் கூப்பிட்டால் கூலியைக் கெடுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

இதற்கு முந்தைய நாவலை நான் ஜனவரியில் சென்னையில்தான் வெளியிட்டேன். அப்போதைய பதிப்பகம் வேறு. ராமநாதபுரம் கடைக்குப் படிகள் வந்து சேர்ந்தபோது சித்திரை பிறந்திருந்தது. பாம்பனில் எனக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருவருக்கு அவருடைய மகள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். வைகாசியில் போனபோது திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டார்: "ஏப்பா, ஆடி மாசத்துல தெக்குக் கடல்ல பாயை விரிச்சு விட்டுருக்கியே? கச்சான் அடிக்கயில அந்தப் பக்கம் கரையில நிக்கவே முடியாதே. நீ இங்கதான பொறந்த?"

அவர் சொன்னது சரி. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் முரண்டு பிடிக்கும், படகுகள் வடக்குப் பக்கம் மாறும். ஊரில் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். கதையின் வேகத்தில் நான் கடலைத் திருப்பிப் போட்டிருந்தேன். சென்னையில் அதைப் படித்த பதிப்பாசிரியருக்கோ மெய்ப்புப் பார்த்தவருக்கோ அது தெரிய வழியில்லை. இரண்டாம் பதிப்பு இன்னும் வரவில்லை. அந்தப் பாய் ஆடிக் காற்றில் விரிந்தபடியே இருக்கிறது. பெரியப்பாவின் கேள்வி ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால் ஒரே வரியில் திருத்தியிருப்பேன். எந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கைதட்டினார்கள் என்பதைவிட, திருத்த வழி இருக்கும்போதே தெரிந்தவர்கள் காதில் புத்தகம் விழுந்ததா என்பதே அன்று முதல் எனக்கு அளவுகோல்.

அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ராமநாதபுரத்தைப் பார்க்கிறேன். முகவை சங்கமம் என்ற பெயரில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் மாவட்டம் முழுவதிலுமிருந்து பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். உண்டியல் காசை எண்ணி எண்ணிக் கொடுத்துப் புத்தகம் வாங்குகிற ஒரு பிள்ளையைப் பார்த்தால் அன்றைய நாளுக்கு அது போதும். பாம்பனிலிருந்து பேருந்தில் வந்து இரவே வீடு திரும்பலாம். சேதுபதிகளின் சமஸ்தானம் புலவர்களை வைத்துப் போற்றிய ஊர். 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரும் இந்த மண்ணின் குடும்பம்தான். அந்த நாளில் நூல் எழுதியவர் அவையில் வாசிப்பார், அவையில் இருப்பவர்கள் தடை எழுப்புவார்கள், விடை சொன்ன பிறகே நூல் அரங்கேறியதாகும். வெளியீட்டு விழா என்று நாம் இன்று செய்வதில் அந்தத் தடை எழுப்பும் பகுதி காணாமல் போய்விட்டது. பாராட்டுரை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ராமநாதபுரத்தில் எனக்குள்ள தயக்கம் இரண்டு. மாவட்ட நிர்வாகம் தேதியை அறிவித்த பிறகுதான் நாம் எதையும் திட்டமிட முடியும். மேடையும் நம்முடையதாக இருக்காது, பல நிகழ்ச்சிகளுக்கு இடையில் கிடைக்கிற கால்மணி நேரம்தான். விற்பனைக்கு நல்ல இடம், பள்ளி ஆசிரியர்களைச் சந்திக்கவும் நல்ல இடம். எழுபது வயது தாண்டியவர்களை உட்காரவைத்து ஒரு அத்தியாயத்தை முழுசாக வாசித்துக் காட்ட அங்கே முடியாது.

கீழக்கரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்ற வழக்குப் பிறந்த ஊர் அது. புலவரைப் போற்றும் பழக்கம் இன்னும் வற்றவில்லை. கல்லூரிகள் இருக்கின்றன, வாசிக்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வளைகுடா நாடுகளில் உள்ள உறவினர்களுக்காகப் பத்துப் பதினைந்து படிகளைச் சேர்த்து வாங்கும் குடும்பங்களும் இருக்கின்றன. என் நாவல் முத்துக் குளிப்பையோ சங்கு எடுப்பதையோ மரைக்காயர்களின் கப்பல் வாணிபத்தையோ பேசியிருந்தால் வேறு இடம் தேடியிருக்க மாட்டேன். இந்தக் கதையின் வேர் அங்கே இல்லை. நண்பரிடம் இதைச் சொன்னபோது வருத்தப்படாமல், "அப்ப ஆடிக்கு மேல ஒரு வாசிப்பு வைங்க தம்பி" என்றார். அப்படியே வைத்துக்கொண்டோம்.

மின்னூல் பற்றியும் கேட்டார்கள். கிண்டிலில் தமிழ் நூல் போடுவது எளிது. 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றால் 90 நாள் அவர்களிடம் மட்டுமே மின்வடிவம் இருக்கும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் 35 சதவீதம். ஊரைவிட்டுப் போய்த் தொலைவில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு அது உதவும். அச்சுப் புத்தகம் வந்து ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை, முதல் அத்தியாயத்தை என் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். படகில் போகிறவர்கள் வாசிப்பதைவிடக் கேட்பது அதிகம்.

இனி தடைக்காலம். நான் அதிக நாள் யோசித்தது இதைப் பற்றித்தான்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. மற்ற மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப் படகுக்கு என்று முறை வைத்துப் போவதால், ஊரில் எல்லா ஆண்களும் ஒன்றாக இருக்கும் மாலை என்று ஒன்று கிடைப்பதே அரிது. தடைக்காலத்திலும் நாட்டுப் படகுக்காரர்கள் போவார்கள். ஆனாலும் விசைப்படகில் போகிற ஆட்கள் அத்தனை பேரும் கரையில் இருப்பது அந்த 61 நாளில்தான். மே மாதம் பள்ளி விடுமுறை, வாசிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். வெளியூரில் வேலை பார்க்கிறவர்களும் பிள்ளைகளோடு வந்து தங்குவார்கள்.

ஓய்வுக்காலம் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, எஞ்சினை இறக்கிப் பிரிப்பது, பெயிண்ட் அடிப்பது, வலை பொத்துவது என்று பகல் முழுக்க வேலை இருக்கும். மாலை ஆறு மணிக்கு முன் ஒருவரையும் கூப்பிட முடியாது. வருமானமும் இருக்காது. அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இரண்டு மாதத்தை அதில் ஓட்டுகிற வீட்டில் போய் 350 ரூபாய்ப் புத்தகத்தை விற்க எனக்கு மனம் வராது. ஆகவே ஊரில் விற்பனை என்ற பேச்சே இல்லை.

இந்த இடத்தில் பணக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். விலை 350 ரூபாய், உரிமைத்தொகை 10 சதவீதம் என்றால் ஒரு படிக்கு எனக்கு 35 ரூபாய். முதல் 300 படி விற்றால் 10,500 ரூபாய். விலையில் மூன்றில் ஒரு பங்கு கழிவு போக, நானே வாங்கும் படிக்கு ஏறக்குறைய 233 ரூபாய் ஆகும். 40 படிக்கு 9,300 ரூபாய்க்குக் கொஞ்சம் அதிகம். கதை சொன்னவர்கள், சொல் சொன்னவர்கள், என்னை வள்ளத்தில் தீவுப் பக்கம் கூட்டிப்போனவர்கள் என்று எண்ணினால் 40 வீடு வருகிறது. முதல் 300 படியின் உரிமைத்தொகையை அந்த 40 வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாக எழுதி வைத்துக்கொண்டேன். நானே பதிப்பித்தால் இன்னும் மலிவாக முடியும். ஐ.எஸ்.பி.என். என்கிற நூல் எண் இந்தியாவில் இலவசம்தான். ஆனால் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு 30 நாளுக்குள் படி அனுப்புவதில் தொடங்கி, கடைகளில் பாக்கி வசூலிப்பது வரை தனி ஆளாகச் செய்ய எனக்குத் தெம்பில்லை. பதிப்பாளர் இருக்கட்டும்.

அடுத்தது நாள். ஆண்களின் நாளைத் தடைக்காலம் முடிவு செய்துவிடுகிறது, பெண்களின் நாளைப் பிறைதான் முடிவு செய்யும். மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரைப் பாசியும் எடுக்கப் போகிறவர்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, நீர் நன்றாக வற்றுகிற நாட்களைப் பார்த்துத்தான் போவார்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, பாறையில் கால் கிழியாமலிருக்க எதையாவது கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி மூழ்கி எடுத்துவிட்டு வந்தவர்களை மாலையில் நாற்காலியில் உட்காரச் சொல்வது அநியாயம். அமாவாசை என்றால் ராமேஸ்வரத்துக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டத்தில் வண்டிகளும் அறைகளும் நிறைந்துவிடும் என்பது தனி. இரண்டுக்கும் நடுவில், அட்டமி நவமியை ஒட்டி, அவர்கள் கரையில் இருப்பார்கள். என் நாவலின் நாயகிகள் எல்லாரும் வீட்டில் இருக்கும் மாலை அதுதான்.

பதிப்பாளரிடம் சொன்னேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சார், அட்டமியில யாராவது புத்தகம் வெளியிடுவாங்களா? அழைப்பிதழைப் பார்த்தவுடனே கேட்பாங்களே" என்றார். கேட்கட்டும். கேட்டால் நீர் வற்றும் கணக்கைச் சொல்லலாம், அதுவே நாவலுக்கு ஒரு முன்னுரை ஆகிவிடும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, நவமிக்கு மறுநாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தசமி. அன்றும் பெண்கள் இருப்பார்கள் என்று ஊரில் கேட்டு உறுதி செய்துகொண்டு ஒப்புக்கொண்டேன். நல்ல மனிதர். ஜனவரியை விட்டுக் கோடையில் வெளியிடுவது அவருக்குத்தான் உண்மையான நஷ்டம். கோடையில் வந்த நாவல் அடுத்த ஜனவரியில் கடை முகப்பில் புதிய வரவாக நிற்காது. விமர்சனங்கள் குறையும். எனக்கும் அது வலிக்கும். அந்த இழப்பைத் தெரிந்துதான் சம்மதிக்கிறேன்.

இடத்தைப் பற்றிச் சொந்தங்களோடு ஒரு சின்ன வாக்குவாதம். கதை தெற்குக் கரையில் நடக்கிறது, அங்கேயே பந்தல் போடலாம் என்றார்கள். ஜூன் தொடக்கத்தில் கச்சான் பிடித்துவிடும். மணல் பறக்கும், ஒலிபெருக்கியில் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்கும், பேனர் ஒரு மணி நேரம் தாங்காது. ஒரு தடவை கடலைத் திருப்பிப் போட்டவன் இரண்டாவது தடவை அதைச் செய்யக் கூடாது. வடக்குக் கரையில், காற்று மறைவாக இருக்கும் ஒரு பள்ளிக்கூட வராந்தா போதும். பாய் விரித்தால் நூறு பேர் உட்காரலாம்.

நேரம்: காலையில் தேவாலயத்தில் பூசை இருப்பதால் ஞாயிறானாலும் மாலைதான். மஃரிபு தொழுகை முடிந்து ஏழு மணிக்குத் தொடங்கி, இரவுத் தொழுகையான இஷாவுக்குள் முடிக்க வேண்டும். கிடைப்பது ஒரு மணி நேரம். சிறப்பு விருந்தினர்கள் ஆறு பேர் பேச அதில் இடமில்லை என்பது எனக்கு நிம்மதி. திருவிழாக் கொடியேற்றமோ ஏர்வாடிச் சந்தனக்கூடோ இடையில் வருகிறதா என்று ஊரில் மூன்று பேரிடம் கேட்டுக்கொண்டேன்.

ஆக, நான் எடுத்த முடிவு ஒரே தேதியில் அடங்கவில்லை. 61 நாளுக்குள் இரண்டு மாலைகள். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒன்று. அன்று புத்தகம் இருக்காது, மெய்ப்புத் தாள்கள் மட்டும். காற்று, நீர், வலை, பாசி, புயல் வரும் நான்கு அத்தியாயங்களை வாசிப்பேன். கேட்கிறவர்கள் இடைமறிக்கலாம். சிவப்புப் பேனாவோடு பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பழைய வழக்கப்படி சொன்னால் அதுதான் அரங்கேற்றம். திருத்தங்களைச் சேர்த்து மே நடுவில் அச்சுக்குப் போனால் மாதக் கடைசியில் படிகள் வந்துவிடும். ஜூன் முதல் பாதியில், படகுகள் கடலில் இறங்குவதற்கு முன், அந்தத் தசமி மாலையில் வெளியீடு. முதல் படியை வாங்கப் போகிறவர் அந்தத் தனுஷ்கோடி இரவைக் கடந்து வந்து எனக்குக் கதை சொன்ன, இன்று இருக்கும் இருவரில் மூத்த ஆத்தா. ஆடிக்கு மேல் கீழக்கரையில் வாசிப்பு, தேதி தெரிந்ததும் ராமநாதபுரம், ஜனவரியில் சென்னைக் கடையில் மற்ற புத்தகங்களோடு இதுவும் இருக்கும்.

இன்னொருவருக்கு இந்தக் கணக்கு பொருந்த வேண்டும் என்றில்லை. நகரத்தில் நடக்கும் கதையாக இருந்தால், கடன் வாங்கி அச்சிட்டிருந்தால், பதிப்பாளர் ஜனவரிக்கு மட்டுமே முன்வந்தால், சென்னையை விடக் கூடாது. அப்படியிருந்தாலும், அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு மாலை மட்டும் ஊரில் வாசித்துவிடுங்கள். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, டீச் செலவு மட்டும்தான்.

ஆத்தாவிடம் போன வாரம் போய்ச் சொன்னேன். "எனக்கு எழுத்துத் தெரியாதேய்யா, வாங்கி என்ன செய்ய?" என்று கேட்டார். பேத்தி ஒன்பதாம் வகுப்பு முடிக்கப் போகிறாள், அவள் வாசிப்பாள் என்றேன். புயலுக்கு முந்தின நாள் சாயங்காலம் வருகிற பத்துப் பக்கங்களை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள். மூன்றாவது பக்கத்தில் அவர்கள் வீட்டுக் கதவு கிழக்கே பார்த்திருந்ததாக எழுதியிருக்கிறேனாம். அது வடக்கே பார்த்த கதவு என்று அப்பத்தா சொல்லச் சொன்னார்களாம். குறித்துக்கொண்டேன்.